உன்னை ‘மகா’ என்று கூப்பிட்டவர்

இவ்வளவு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். நிச்சயதார்த்தம் முடிந்து ஊர் திரும்பியதிலிருந்து நீ ஃபோன் செய்யும்போதெல்லாம் நான் “நல்லா இருக்கேன்” என்கிறேன். நீ “சரிப்பா, அம்மாகிட்ட குடுங்க” என்கிறாய். ஃபோன் கைமாறுகிறது. கொஞ்ச நேரத்தில் சமையலறையிலிருந்து உன் அம்மா சிரிக்கிற சத்தம் கேட்கிறது. நான் டிவி சத்தத்தைக் கூட்டி வைக்கிறேன். பெங்களூரில் அந்தச் சனிக்கிழமை காலை நடந்ததைப் பற்றி நீ இதுவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. “அவருக்குக் கோபம், தானா ஆறிடும்” என்று உன் அம்மா உனக்குச் சொல்லியிருப்பாள். முப்பது வருஷமாக என்னைப் பற்றி எல்லோருக்கும் அவள் சொல்லும் வாக்கியம் அதுதான். இந்தத் தடவை ஆறவில்லை. கோபமாக இருந்திருந்தால் ஆறியிருக்கும்.

அந்தக் காலையை நான் எதற்காகக் கேட்டு வாங்கினேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். வெள்ளிக்கிழமை மாலை அடுகோடி மண்டபத்தில் தட்டு மாற்றி முடித்ததும், ஷாலினியின் அப்பா, உன் மாமனாராகப் போகிற தேவராஜ் மைக்கைப் பிடித்து, “மாப்ளைக்கும் பொண்ணுக்கும் நம்ம வூட்டு மேல் போர்ஷன் ரெடி, பெயின்ட் வேலகூட முடிஞ்சிருச்சு” என்று அறிவித்தார். எல்லோரும் கை தட்டினார்கள். உன் அம்மாவும் தட்டினாள். எனக்கு அப்போதுதான் தெரியும். மாப்பிள்ளையின் அப்பாவுக்கு மைக்கில் தெரிய வேண்டிய செய்தியா அது? மறுநாள் பெண்கள் புடவை எடுக்கப் போகிறார்கள், எனக்கும் உன் அம்மாவுக்கும் மத்தியானம்தான் ரயில், காலை முழுக்கச் சும்மா என்று தெரிந்ததும் உன்னைத் தூணோரம் இழுத்துச் சொன்னேன்: “தம்பி, நாளைக்குக் காலைல நாம ரெண்டு பேரும் ஊர் சுத்திப் பாக்கலாம்.” நீ ஆச்சரியப்பட்டாய். “நீங்களாப்பா?” என்றாய். ஆமாம், நான்தான். அந்த மாடியில் குடிபோகாதே என்று உன்னிடம் சொல்ல எனக்கு ஒரு காலை வேண்டியிருந்தது. ஒரு வீட்டுக்குள் உட்கார்ந்து அதைச் சொல்ல என்னால் முடியாது. நடந்துகொண்டே என்றால், பக்கத்தில் பார்க்க வேறு ஏதாவது இருந்தால், சொல்லிவிடுவேன் என்று நினைத்தேன்.

எனக்கு அந்த ஊர் தெரியாது. கூட்டாளிகள் எல்லாரும் பிள்ளைகளைப் பார்க்க மாதம் ஒருமுறை போய்வரும்போது, காட்பாடியிலிருந்து ரயிலேறினால் சில மணி நேரத்தில் போய்விடக்கூடிய ஊருக்கு நான் ஒருமுறைகூட வரவில்லை என்றால், நீ கூப்பிடவில்லை என்றுதான் அர்த்தம். “வாங்கப்பா” என்று நீ சொன்னதுண்டு. எந்தத் தேதியில் என்று நீ சொன்னதில்லை. ஆனால் காகிதத்தில் எனக்கு அந்த ஊரைத் தெரியும். வாழ்நாளெல்லாம் வரலாறு சொல்லிக்கொடுத்தவன் நான். லாட்ஜ் அறையில் படுத்தபடியே திட்டம் போட்டேன். முதலில் லால்பாக். அங்கே பாறைமேல் ஏறி ஊரைப் பார்ப்பது. பிறகு மடிவாளா சிவன் கோயில். அந்தக் கோயில் சுவர்களில் எழுநூறு, எண்ணூறு வருஷத்துக்கு முந்தைய தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன. ஆறு வருஷமாக அந்த ஊரில் இருக்கிற உனக்கு அது தெரிந்திருக்காது. வைட்ஃபீல்டு ஆபீஸுக்கும் உன் பிஜி விடுதிக்கும் நடுவே இருக்கிற சிக்னல்கள் மட்டும்தான் உனக்குத் தெரியும். அந்தச் சுவர் முன்னால் உன்னை நிறுத்தி நான் வாசித்துக் காட்டுவேன். நீ கேட்பாய். பிறகு நான் பேச்சை எடுப்பேன். சிரிக்காதே, எல்லாவற்றையும் இப்படித்தான் நான் செய்வேன், முன்னுரை இல்லாமல் எனக்கு எதுவும் வராது.

காலையில் ஷூ போட்டுக்கொண்டு லாட்ஜ் வாசலில் நின்றிருந்தேன். நீ பைக்கில் வருவாய், பின்னால் உட்கார்ந்து போகலாம் என்று எண்ணம். உன் பின்னால் நான் ஒரு தடவைகூட உட்கார்ந்ததில்லை, தெரியுமா? பைக் வாங்கிய வாரம் அம்மாவை மார்க்கெட்டுக்குக் கூட்டிப்போனாய். என்னிடம் ஆர்.சி. புத்தகத்தைக் காட்டினாய். பைக் வரவில்லை. ஒரு பழைய ஆம்னி வேன் வந்து நின்றது. ஓட்டுவது தேவராஜ், பக்கத்து ஸீட்டில் நீ. “வாங்க சம்பந்தி! திண்டி ஆச்சா?” என்றார். கன்னடத்தில் டிபனுக்குத் திண்டி என்று பேராம். யாரையோ தின்னி என்று திட்டுகிறார் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தேன். நீ குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாய். “அங்கிள் நம்மள சுத்திக் காட்டறேன்னுட்டாருப்பா” என்றாய், ஏதோ எனக்குப் பரிசு கொண்டுவந்தவன் மாதிரி. இறங்கி எனக்கு முன் ஸீட்டைக் கொடுப்பாய் என்று ஒரு கணம் பார்த்தேன். கதவைப் பின்பக்கம்தான் திறந்துவிட்டாய். அவர் ஆட்டோவுக்கு ஸீட் தைக்கும் கடை வைத்திருக்கிறவர் அல்லவா, பின்னால் ரெக்ஸின் சுருள்கள் கிடந்தன. அவற்றின் நடுவே உட்கார்ந்து வந்தேன், அரசுக் கல்லூரி இணைப் பேராசிரியர்.

லால்பாக்கில் அவர் சொன்னதெல்லாம் உனக்கு நினைவிருக்கும். பாறையில் ஏறியதும், “இந்தப் பாற இருக்கே சம்பந்தி, வெள்ளக்காரன் கப்பல்ல கொண்டாந்து எறக்குனது” என்றார். நான் பொறுமையாகத்தான் சொன்னேன். இது பூமியிலேயே மிகப் பழைய பாறைகளில் ஒன்று, மனிதன் பிறப்பதற்கு முன்பே இங்கேதான் கிடக்கிறது, தவிர பெங்களூருக்குக் கப்பல் எப்படி வரும் என்று கேட்டேன். “அதான் சம்பந்தி! கடலே இல்லாத ஊருக்குக் கப்பலக் கொண்டாந்திருக்கான்னா அவன் எப்பேர்ப்பட்ட ஆளு பாத்துக்கங்க!” என்றார். நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு பாறைமேலேயே உட்கார்ந்துவிட்டாய். மேலே இருக்கும் சின்னக் கோபுரத்தைக் காட்டி, தோட்டக்காரன் மழைக்கு ஒதுங்கக் கட்டியது என்றார். தோட்டம் வருவதற்கு வெகுகாலம் முன்பே ஊர் எல்லையைக் குறிக்கக் கட்டிய கோபுரம் அது என்றேன். “அப்ப எல்லைல நின்னவனுக்கு மழ பெய்யலயா?” என்றார். நீ என்னைப் பார்த்து, “பாயின்ட்டுப்பா” என்றாய்.

உண்மையைச் சொல்கிறேன். அந்த மனிதருக்கு ஒன்றும் தெரியாது. கண்ணாடி மாளிகையில் ராஜா படுத்துத் தூங்குவார் என்கிறார். ஆனால் அவர் வாயைத் திறந்தால் நீ அவர் பக்கம் சாய்ந்து கேட்கிறாய். நான் சொன்னது ஒவ்வொன்றும் சரி, அதைச் சொல்லி முடிப்பதற்குள் நீ ஃபோனை எடுத்தாய். உனக்கு ஏழு வயதிருக்கும்போது வேலூர்க் கோட்டை அகழியைச் சுற்றி உன்னைக் கூட்டிப்போனேன். அகழியை எப்படி வெட்டினார்கள், தண்ணீர் எங்கிருந்து வந்தது, எல்லாம் சொன்னேன். பாதி வழியில் என்னோடு வேலை பார்த்த கணக்கு வாத்தியார் எதிரே வந்தார். அகழியில் முதலை இருக்கிறது, அதற்கு இட்லிதான் பிடிக்கும் என்று அவர் ஒரு வாக்கியம் சொன்னார். அன்று ராத்திரி நீ அம்மாவிடம் சொன்னது முதலையைத்தான். அந்த ஆள்தான் பிற்பாடு சீனியாரிட்டியில் எனக்குக் கீழே இருந்தும் முதல்வர் நாற்காலியில் உட்கார்ந்தார். அவரை நான் மன்னிக்காததற்கு நாற்காலிதான் காரணம் என்று ஊரே நினைக்கிறது. பாதிக் காரணம் அந்த முதலை.

பாறையிலிருந்து இறங்கும்போது அவர் காரப்பொரி வாங்கப் போனார். சுருமுரி என்றார். நாம் இருவரும் தனியாக நின்ற நேரம் அது ஒன்றுதான். “தம்பி, அந்த மேல் போர்ஷன் விஷயம்...” என்று ஆரம்பித்தேன். நீ உடனே முகம் மலர்ந்து, “நல்லா இருக்கும்பா, பால்கனில இருந்து பாத்தா மரம் தெரியும், ஷாலினி ஆபீஸ் பஸ்ஸும் தெருமுனைலயே வரும்” என்றாய். அவ்வளவு மலர்ந்த முகத்திடம் எப்படிச் சொல்வது? அதற்குள் பொரிப் பொட்டலங்களோடு அவர் வந்துவிட்டார். “மகா, இத பிடி, உனக்கு வெங்காயம் ஜாஸ்தி போடச் சொன்னேன்.” அப்போதுதான் அந்தச் சொல்லை முதலில் காதில் வாங்கினேன். கன்னடத்தில் மக என்றால் மகன், கூப்பிடும்போது மகா. அந்த அளவு கன்னடம் எனக்குத் தெரியும், அதுதான் வினை. உனக்கு வெங்காயம் பிடிக்கும் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. எனக்கு அது தெரியாது. நம் வீட்டில் பச்சை வெங்காயம் நீ கேட்டதில்லையே.

அதற்குப் பிறகு வேன் முழுக்க அதுதான் காதில் விழுந்தது. மகா, அந்தக் கண்ணாடிய எறக்கு. மகா, சம்பந்திக்குத் தண்ணி குடு. மகா, பாத்தியா அந்த ஆட்டோக்காரன. ரெக்ஸின் வாசனையில் உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். நான் உன்னை ஒருநாளும் மகனே என்று கூப்பிட்டதில்லை. நம்மில் யாரும் கூப்பிடுவதில்லை. பெற்ற பிள்ளையைத் தம்பி என்போம், ராஜா என்போம், பெயர் சொல்லி அதட்டுவோம். மகன் என்பது அடுத்தவரிடம் சொல்லவும் ரேஷன் கார்டில் எழுதவும் உள்ள சொல். நேரில் மவனே என்றால் அடி விழப்போகிறது என்று பொருள். நம் மொழி அப்பனுக்கு அந்தச் சொல்லை வாயில் கொடுக்கவில்லை. இவர் அதைச் சுருமுரி மாதிரி அள்ளி அள்ளி உன்மேல் போட்டுக்கொண்டு வந்தார். நீயும் ஒவ்வொன்றுக்கும் திரும்பினாய்.

மடிவாளா கோயிலில் என் நேரம் வந்தது என்று நினைத்தேன். சுவரில் சுண்ணாம்பு உதிர்ந்த இடத்தில் எழுத்துகள் தெரிந்தன. தேவராஜ் குழந்தையிலிருந்து அந்தக் கோயிலுக்கு வருகிறாராம், அது ஏதோ மந்திரம் என்றுதான் நினைத்திருந்தாராம். “மந்திரம் இல்லை, தமிழ்” என்று நான் சொன்னபோது நீ முதல்முறையாக ஃபோனைச் சட்டைப்பைக்குள் போட்டாய். “நெஜமாவாப்பா? எங்க, படிங்க” என்றாய். நான் விரலை வைத்து ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டினேன். யாரோ ஒருவர் ஏரிக்குக் கீழே இருந்த நிலத்தைக் கோயிலுக்கு எழுதிவைத்த செய்தி. நீ என் தோளுக்கு மேலே தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாய். உன் மூச்சு என் காதில் பட்டது. “இது ‘க’வாப்பா? அப்ப இது ‘ரி’யா? ஏரி!” என்றாய். வகுப்பில் எத்தனையோ பேருக்கு எழுத்து சொல்லிக்கொடுத்திருக்கிறேன், ஒருத்தனும் அப்படிக் கேட்டதில்லை. அந்த வரி முடிந்ததும் சொல்லிவிடலாம், இப்போது சொன்னால் இவன் கேட்பான் என்று நினைத்தேன். வரி முடியவில்லை. மண்டபத்திலிருந்து குரல்: “மகா! ஓடி வா, பிரசாதம் சூடா இருக்கு!” நீ போய்விட்டாய். “இதோ வந்துர்றேம்ப்பா” என்றுகூடச் சொன்னாய், சொல்லவில்லை என்று நான் பொய் எழுத மாட்டேன். ஆனால் போய்விட்டாய்.

பிறகு நான் கத்தினேன். “யோவ், அவன் என் மகன்யா! உனக்கு வேணும்னா நீ ஒண்ணு பெத்துக்க!” கோயில் மண்டபத்தில் அந்தச் சத்தம் எப்படி எதிரொலித்தது என்பது உனக்குத் தெரியும். அர்ச்சகர் கரண்டியோடு நின்றுவிட்டார். இரண்டு பெண்களைப் பெற்றவரிடம் நான் அந்த வார்த்தையைச் சொன்னேன் என்பதும் உனக்குத் தெரியும். தேவராஜ் கையில் தொன்னையோடு என்னைப் பார்த்தார். கோபமே இல்லை, குழப்பம்தான். நீ ஓடி வந்து பல்லைக் கடித்துக்கொண்டு, “அப்பா, மெதுவா... இங்க மகான்னா மச்சான் மாதிரிப்பா. எல்லாரும் எல்லாரையும் சொல்லுவாங்க” என்றாய். அதே நேரத்தில், உன் பேச்சுக்குச் சாட்சி சொல்வது போல, செருப்பு ஸ்டாண்டில் இருந்த பையன் தெருவில் போன இன்னொருவனை “ஏ மகா!” என்று கூப்பிட்டான். “தப்பா நெனச்சுக்காதீங்க சார். நான் டிராபிக் போலீஸக்கூட அப்டித்தான் கூப்புடுவேன். அவன் ஃபைன் போட்டாக்கூட” என்றார் தேவராஜ். அதுவரை சம்பந்தி என்றவர் சார் என்றார். கூட்டம் சிரித்தது. நீ சிரிக்கவில்லை.

கன்னடம் அரைகுறையாகத் தெரிந்த படித்த தமிழன் மட்டுமே செய்யக்கூடிய தப்பு அது. அதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு கணம்கூட ஆகவில்லை. அத்தோடு என் மனசு சமாதானமாகியிருக்க வேண்டும் அல்லவா? சொல்லுக்கு அர்த்தமில்லை என்று தெரிந்துவிட்டது, பிறகு என்ன? ஆகவில்லை தம்பி. திரும்பும்போது அவர் வற்புறுத்தி என்னை முன் ஸீட்டில் உட்கார வைத்தார். நீ பின்னால் ரெக்ஸினுக்கு நடுவே. ஒரு சிக்னலில் அவர் உன்னிடம், “மாப்ள, அந்தத் தண்ணி பாட்டில எடுங்க” என்றார். எடுங்க! எதிரே இருந்த கண்ணாடியில் உன் முகத்தைப் பார்த்தேன். பள்ளியில் பரிசு கொடுத்துவிட்டுத் திரும்ப வாங்கிக்கொண்டால் பிள்ளையின் முகம் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. ஊரெல்லாம் சொல்கிற சொல்தான் என்று சொன்னாயே, அப்படியென்றால் அது போனதற்கு ஏன் உன் முகம் அப்படி ஆனது? உனக்கு அது பிடித்திருந்தது. அவர் கூப்பிடுவது உனக்குப் பிடித்திருந்தது. என் பொறாமைக்கு வேறு சாட்சி வேண்டாம். பொறாமை என்றே எழுதுகிறேன். வேறு மரியாதையான சொல் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

இது போதாதென்று அந்த மனிதர் இன்னும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஃபோன் செய்கிறார். நான் எடுப்பதில்லை. உன் அம்மா எடுக்கிறாள். “சம்பந்திக்குக் கோவம் போச்சாம்மா? போவலன்னா நான் நேர்ல வந்து கால்ல விழறேன், ஆனா தூக்கிவுட ஆள் வேணும்” என்கிறாராம். அவள் சிரிக்கிறாள். அவரை வெறுக்கக்கூட எனக்கு வழியில்லாமல் செய்கிறார்.

உனக்கு அறிவுரை சொல்ல வேண்டிய இடத்தில் இருக்கிறேன், அதனால் சொல்கிறேன். மாமனார் வீட்டு மாடியில் குடியிருப்பவன் மனைவியோடு உரக்கச் சண்டை போட முடியாது. சண்டை போடாமல் கழிகிற முதல் வருஷம் நல்லதல்ல, கொட்டாதது மனதில் தங்கிவிடும். கீழே இருந்து குழம்பு வரும், மறுக்க முடியாது. கதவைச் சாத்தினால் ஏன் சாத்தினாய் என்று யாரும் கேட்க மாட்டார்கள், ஆனால் எல்லோரும் கவனிப்பார்கள். எதையாவது வாங்கிக்கொண்டால் அவர் சந்தோஷமாகக் கொடுப்பார், அதுதான் ஆபத்து. சந்தோஷமாகக் கொடுப்பவரிடமிருந்து விலகவே முடியாது. யார் கூப்பிட்டாலும் உடனே ஓடாதே. கொஞ்சம் தாமதித்துப் போ. கூப்பிட்ட குரலுக்கு ஓடுகிறவனைப் பார்த்து, பின்னால் நிற்பவனுக்கு என்ன ஆகும் என்று யோசி.

இவ்வளவும் சரியான காரணங்கள். நான் எப்போதும் சரியான காரணங்கள்தான் சொல்வேன். ஆனால் அந்தச் சுவர் முன்னால் நான் சொல்லப்போனது இவற்றில் ஒன்றுமில்லை. அதை இப்போது எழுதாவிட்டால் இந்தக் கடிதமே வீண். வருகிற கல்வியாண்டோடு எனக்கு ஓய்வு. அதற்குப் பிறகு காலையில் நான் எழுந்து எங்கே போவேன் என்று எனக்குத் தெரியவில்லை. கல்லூரியில் என்னை யாரும் தேட மாட்டார்கள், இப்போதே தேடுவதில்லை. கல்யாணத்துக்குப் பிறகு நீ இரண்டு அறை உள்ள வீடாகப் பார், ஓர் அறையில் நாங்கள் இருந்துகொள்கிறோம் என்று கேட்கத்தான் வந்தேன். ஆனேக்கல் பக்கம் என்றால் வீடு பெரிதாகக் கிடைக்கும், தெருவில் தமிழ் கேட்கும், ஓசூருக்கு பஸ் உண்டு என்றெல்லாம் ஃபோனில் மேப்பைப் பார்த்து வைத்திருந்தேன். அங்கிருந்து வைட்ஃபீல்டு எவ்வளவு தூரம் என்பதையும் பார்த்தேன். உன்னால் முடியாது என்று எனக்கே தெரிந்தது. தெரிந்தும் கேட்கத்தான் வந்தேன். உன் அம்மாவிடம்கூட இதைச் சொல்லவில்லை. சொன்னால், “அவன்கிட்ட நான் பேசறேன்” என்பாள். அவள் பேசி வாங்கித் தருகிற அறை எனக்கு வேண்டாம்.

தேவராஜின் மாடியில் ஒரே அறைதான், உன் அம்மா சொன்னாள். பால்கனியிலிருந்து மரம் தெரியும் என்றாயே, இருக்கட்டும். கல்யாணத்துக்கு வருவேன். தாலி கட்டும்போது உன் பக்கத்தில் நிற்பேன், அவர் கையைப் பிடித்துக் குலுக்கவும் செய்வேன். அன்று என் வாயிலிருந்து ஒரு வார்த்தை தவறாக வராது. மற்றதை நீ என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியாது.

எழுதி முடித்துவிட்டேன். கீழே பெயர் எழுதப் பேனாவை வைத்து எடுத்துவிட்டேன். பெயர் போட்டால் இது ஓர் அப்பா மகனிடம் கேட்டதாகிவிடும், நீ பதில் சொல்லியாக வேண்டும். நீ நல்ல பிள்ளை, யோசித்து, வருத்தப்பட்டு, மரியாதையாக முடியாது என்று சொல்வாய். அதை ஃபோனில் கேட்டுக்கொண்டு “சரி தம்பி, அம்மாகிட்ட குடுக்கறேன்” என்று சொல்லும் திராணி எனக்கு இல்லை. பெயர் இல்லாவிட்டால் நீ படித்ததாகவே காட்டிக்கொள்ள வேண்டாம். நானும் எழுதியதாகக் காட்டிக்கொள்ள மாட்டேன். ஆகவே கையெழுத்தில்லாமலே இதை மடித்து உறையில் போட்டு, நாளைக் காலை நானே போய்த் தபால் பெட்டியில் போடப்போகிறேன்.